வலப்பக்கத்திலிருந்து வந்தவன்

காவல் நிலைய எழுத்தர் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“வலது கை வரலன்னா இன்னா முசே? இடது கை பெருவிரல் போதும். ஒரு அழுத்து அழுத்திட்டு வூட்டுக்குப் போங்க.”

பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊரில் ‘ஐயா’வுக்கு ‘முசே’ என்போம். என் வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டில் கிடந்தது. காறை எலும்பு முறிந்து ஆறாம் நாள். அறையில் மை வாசனையும் தைல வாசனையும் கலந்திருந்தன. தைல வாசனை என்னுடையது.

மேசை மேல் ஒரு தாள். அதில் பிரெஞ்சு மொழியில் பதினோரு வரிகள். கீழே என் பெயர்: சவரிநாதன், நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர், வசிப்பிடம் சாரம். அது நான் கொடுத்த வாக்குமூலமாம். முதல் பத்து வரிகளில் பிழை இல்லை. தேதி சரி, நேரம் சரி, காரின் நிறம்கூடச் சரி. பதினோராவது வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இவ்வூர் வழக்கப்படி, மோட்டார் வண்டியைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க நான் தவறிவிட்டேன்.’

“இந்த ஒரு வரிய அடிச்சிடுங்க. இடது கையாலயே முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து போடறேன்” என்றேன்.

எழுத்தர் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த ஒரு வரிக்குத்தான முசே இவ்ளோ பெரிய தாளு” என்றார்.

நான் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

இறங்கும் முறை

இன்றைய வாசகர்களுக்கு அந்தப் பதினோராவது வரி விளங்காது. விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்த நாட்களில் புதுச்சேரியில் சைக்கிள் ஓட்டுவதில் பாதி வேலை, சைக்கிளிலிருந்து இறங்குவது. எதிரே பங்குச் சாமியார் வந்தால் இறங்க வேண்டும். இரண்டு காலும் தரையில் பட வேண்டும். அலுவலகத் தலைவர் வந்தால் ஒரு கால் போதும், ஆனால் தொப்பியைக் கழற்ற வேண்டும். சவ ஊர்வலத்துக்கு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். நற்கருணைப் பவனி என்றால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முழங்காலிட வேண்டும்.

மாமனாருக்குத் தனி முறை. இறங்கினால் போதாது. அவர் “சரி, போ” என்று சொல்லும் வரை மறுபடி ஏறக்கூடாது. என் மாமனார் அதைச் சொல்ல மறந்துவிடுவார். ஒருமுறை பெரிய மார்க்கெட் வரைக்கும் அவர் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அவர் வாங்கிய சுரைக்காயையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

இதெல்லாம் மனிதருக்கு மனிதர் செய்த மரியாதை. அதில் எனக்கு இன்றும் குறை இல்லை. மோட்டார் வந்த பிறகுதான் வினை.

மனிதர் நடந்து வந்தால் யார் என்று தெரியும். குதிரை வண்டியில் வந்தாலும் தெரியும். மோட்டார் வரும் வேகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் இறங்கத் தகுந்தவரா இல்லையா என்று பார்க்க நேரம் இல்லை. தவறிப்போய் ஒரு பெரிய மனிதருக்கு இறங்காமல் விட்டால் பிறகு பேச்சு வரும். ஆகவே ஊரில் எல்லாரும் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே யார் இருந்தாலும் சரி, காரைக் கண்டால் இறங்கிவிடுவது.

நகரசபை உறுப்பினர் வேங்கடபதிக்குக் கருவடிக்குப்பத்தில் தோட்டவீடு இருந்தது. அவருடைய பச்சை நிறக் கார் தினமும் காலையில் அங்கிருந்து ஊருக்குள் வரும். ஒரு நாள் அது வருவதைக் கண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் இறங்கி வரிசையாக நின்றோம். கார் கடந்து போனபோது பார்த்தேன். முன்னால் டிரைவர். பின் இருக்கையில் இரண்டு கூடை கத்தரிக்காய். வேறு யாரும் இல்லை.

நான் தொப்பியைக் கழற்றி வேறு நின்றிருந்தேன்.

இந்த மரியாதையால் இன்னொன்றும் நடந்தது. நாற்சந்தியில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையே டிரைவர்கள் மறந்துபோனார்கள். ஹாரனை இரண்டு தரம் அமுக்கினால் போதும், சாலை காலியாகிவிடும் என்று எங்கள் கால்களே அவர்களைப் பழக்கிவிட்டிருந்தன.

படத்தில் ஒரு சைக்கிள்

அந்த வருடம் ஆளுநரிடமிருந்து ஓர் ஆணை வந்தது. ஊரில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் சாலை விதிகள். அதில் ஒன்று நாற்சந்தி பற்றியது. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் சந்திக்கு வந்தால், யாருக்கு வலப்பக்கத்தில் இன்னொரு வண்டி வருகிறதோ அவர் நிற்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. ‘வண்டி’ என்றால் எவையெவை என்று கீழே ஒரு பட்டியல். மோட்டார், குதிரை வண்டி, மாட்டு வண்டி, ஆள் தள்ளும் புஷ் வண்டி, சைக்கிள்.

இதை மக்களுக்குப் புரியும்படி படம் போட்டு மேரி வாசலில் ஒட்டுவதென்று முடிவாயிற்று. நகராட்சி அலுவலகத்தைத்தான் மேரி என்போம். படம் வரையும் வேலை என்னிடம் வந்தது.

மாதிரிக்குக் கொடுத்த படத்தில் இரண்டு மோட்டார்கள் சந்தியில் நெருங்கின. நான் யோசித்தேன். எங்கள் ஊரில் இரண்டு மோட்டார்கள் ஒரே சந்தியில் ஒரே நேரத்தில் சந்திப்பது மாதத்தில் ஒரு தடவை நடந்தால் அதிகம். மோட்டாரும் சைக்கிளும் சந்திப்பதோ நாள் முழுவதும். படம் ஊருக்குப் பொருந்தி இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஒன்றை அழித்துச் சைக்கிள் வரைந்தேன். அழித்தது வலப்பக்கத்திலிருந்து வரும் மோட்டாரை. சைக்கிளுக்கு முன் ஒரு நீண்ட அம்புக்குறி; மோட்டாருக்கு முன் ஒரு குறுக்குக்கோடு. அதாவது, நில்.

எங்கள் தலைவரை ஷெஃப் என்று அழைப்போம். அவர் அளவுகோட்டை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

படம் ஒட்டிய மறுநாள் காலை வழக்கம்போல் சாரத்திலிருந்து கிளம்பினேன். பழைய ஊரைச் சுற்றி வளைந்த அகலச் சாலையைப் புல்வார் என்போம். நான் மேற்கிலிருந்து வந்து புல்வாரைக் குறுக்கே கடக்க வேண்டும். வேங்கடபதியின் கார் வடக்கிலிருந்து புல்வார் வழியே தெற்கே வரும். அந்த டிரைவருக்கு நான் வலப்பக்கம். அவர் நிற்க வேண்டும், நான் போக வேண்டும்.

ஹாரன் இரண்டு தரம் கேட்டது. நான் இறங்கினேன்.

கார் போன பிறகுதான் உறைத்தது. மேரி வாசலில் ஒரு சைக்கிள்காரன் அம்புக்குறியோடு நேரே போய்க்கொண்டிருக்கிறான். அவனை வரைந்தவன் இங்கே பெடலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறான்.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே சொல் எழுதினேன்: ‘இறங்கினேன்.’ அடுத்த நாளும் அதே சொல். மூன்றாம் நாளும் அதே.

மச்சினன் சொன்ன நியாயம்

மூன்றாம் நாள் மாலை என் மனைவி லூர்துவின் தம்பி அருளாந்து வீட்டுக்கு வந்தான். துணி மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவன் சைக்கிளில் மணி இல்லை, விளக்கு இல்லை, பின் பிரேக்கும் இல்லை. பின்னால் ஒருவன், முன் கம்பியில் ஒருவன் என்று மூன்று பேராக வருவான். மில் சங்கு ஊதி ஐந்து நிமிடத்தில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர எந்தச் சந்திலும் எந்தப் பக்கத்திலும் நுழைவான்.

நான் விதியையும் படத்தையும் பற்றிச் சொன்னேன். அவன் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்.

“மாமா, நீங்க சொல்ற விதி எல்லாம் காருக்காரன் போட்ட விதி. நமக்கு எதுக்கு? நான் இதுவரைக்கும் ஒரு காருக்கும் எறங்கினதில்ல. அவன் வர்றதுக்குள்ள பூந்து அந்தாண்ட போயிடுவேன்.”

“பூந்து போறது பயந்து போறதுதான்டா.”

“யாரு பயந்தாங்க? எறங்கி நிக்கறது நீங்க.”

லூர்து அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

“விதிய மீறிட்டுப் போனா, நாளைக்கு அவன் இடிச்சாலும் உன் மேலதான் தப்புன்னு எழுதுவாங்க. விதிப்படி போனா அவன் நின்னுதான் ஆவணும்” என்றேன்.

“நிக்கலன்னா?”

“நிக்கணும்.”

“அத்தான் கேக்கறேன் மாமா. நிக்கலன்னா?”

சைக்கிள்காரன் சாலை விதிக்குக் கட்டுப்பட வேண்டுமா என்று இன்றும் டீக்கடையில் வாக்குவாதம் நடப்பதைக் கேட்கிறேன். கட்டுப்படத் தேவையில்லை என்பவர்கள் எல்லாரும் அருளாந்துவின் நியாயத்தைத்தான் சொல்கிறார்கள். கட்டுப்பட வேண்டும் என்பவர்களில் பலர் கார் வைத்திருப்பவர்கள். அவர்கள் கேட்பது விதியை அல்ல, வழியை. எனக்கு இரண்டு கூட்டத்தோடும் ஒட்டவில்லை. விதிக்கு நான் கட்டுப்படுவேன், ஒரு வரி விடாமல். அதே வரிக்கு நீயும் கட்டுப்படு. அவ்வளவுதான் நான் அன்று கேட்டது.

நான்காம் நாள்

காலை வெயில் இன்னும் ஏறவில்லை. சந்தி மூலையில் ஆப்பம் சுடும் அம்மா வாணலியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். என் முன்னும் பின்னும் சைக்கிள்கள். சற்றுப் பின்னால் அருளாந்துவும் வந்துகொண்டிருந்தான்.

ஹாரன் இரண்டு தரம் ஒலித்தது. என்னைச் சுற்றிக் கால்கள் தரையைத் தொடும் ஓசை. செருப்பு உரசும் ஓசை. நான் இறங்கவில்லை. மணியை அடித்தேன். சீரான வேகத்தில் சந்திக்குள் போனேன்.

டிரைவர் சூசையின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நிற்பார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நான் இதோ இறங்கிவிடுவேன் என்று கடைசிவரை காத்திருந்த முகம். பிறகுதான் பிரேக்கின் கிறீச்சொலி வந்தது. காரின் முன் மட்கார்டு என் பின் சக்கரத்தைத் தட்டிவிட்டது. வலது தோள்பட்டை முதலில் தரையில் பட்டது. உள்ளே ஏதோ காய்ந்த சுள்ளிபோல் ஒடிந்தது.

அருளாந்து ஓடி வந்தான்.

“மாமா, உசுரு கீதா?”

“இருக்கு. ஒன் சைக்கிள எடு.”

“ஆஸ்பத்திரிக்கா? உக்காந்து வர முடியுமா?”

“கார் டயர் தரையில கோடு இழுத்திருக்கும் பாரு. அதோட ஆரம்பத்துல ஒன் முன்சக்கரத்த வையி. காத்தடிக்கற எடம் கீழ இருக்கட்டும். கார் வரைக்கும் உருட்டு. எத்தினி சுத்துன்னு எண்ணு.”

“மாமாவுக்குத் தலைல அடிபட்டிருக்குது” என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

“எண்ணுடா.”

எண்ணினான். இரண்டு சுற்றும் கொஞ்சமும். கோடு ஆரம்பித்த இடம் சந்திக்கு வெளியே அல்ல, சந்திக்கு உள்ளே. அதாவது சந்திக்குள் நுழையும் வரை சூசை பிரேக்கைத் தொடவே இல்லை. காரை யாரும் நகர்த்துவதற்கு முன் அது கணக்கில் ஏறிவிட்டது. அருளாந்துவுக்கு அன்று கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

சாத்துக்குடியும் ஏனாமும்

அடிபட்ட மூன்றாம் நாள் வேங்கடபதி என் வீட்டுக்கே வந்தார். ஒரு கூடை சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார். சூசை வாசற்படிக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றார். லூர்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“தம்பி, எனக்கு ஒன் மேல கோவம் இல்ல” என்று ஆரம்பித்தார். உண்மையிலேயே குரலில் கோபம் இல்லை. “நீ படிச்சவன். ஒருத்தன் இறங்காம வந்தா பரவால்ல. மில்லுக்காரன் அத்தினி பேரும் நாளைக்கு இப்படியே வந்தான்னா, ஊர்ல கார எப்புடி ஓட்டறது?”

“வலப்பக்கம் பாத்து ஓட்டணுங்க ஐயா.”

அவர் அதைக் கேளாதவர்போல் தொடர்ந்தார். “காரப் பாத்தா இறங்கறது நம்ம ஊர் வழக்கம். அது இதுவரைக்கும் எந்தத் தாள்லயும் ஏறல. ஒன் வாக்குமூலத்துல ஒரு வரி ஏறட்டும். அத வச்சி நகரசபையில தீர்மானம் போட்டு, சந்தியில சைக்கிள் எல்லாம் இறங்கித்தான் ஆவணும்னு விதியாவே பண்ணிடலாம். அடிபடறதும் நின்னுபோவும்.”

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. என் கையொப்பம் என் தோளைப் பற்றியது மட்டும் அல்ல. இத்தனை நாள் நாங்களாக இறங்கினோம். அந்த வரி ஏறிவிட்டால் ஊரில் உள்ள ஒவ்வொரு சைக்கிள்காரனும் சட்டப்படி இறங்க வேண்டியிருக்கும். சங்கு ஊதிய பிறகு ஓடுபவனும்கூட.

“யோசிச்சி சொல்றேன்” என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே மறுக்க வாய் வரவில்லை. சாத்துக்குடியை மட்டும் சூசையிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஷெஃப் ஆள் அனுப்பி அழைத்தார். மேசையில் நான் வரைந்த படத்தின் நகல் கிடந்தது. இப்போதுதான் அதிலிருந்த சைக்கிளைப் பார்த்திருக்கிறார்.

“இது யார் யோசனை?”

“என்னுடையதுதான்.”

ஏனாமில் ஒரு படம் வரைபவர் தேவைப்படுகிறார் என்றார். அது வடக்கே தெலுங்குப் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஊர். தண்டனை என்று சொல்லாமல் தண்டிக்க எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே இடம். காவல் நிலையத்துத் தாளில் நான் ஒப்பமிட்டுவிட்டால் ஏனாமுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

“ஏனாம்ல மீன் கெடைக்குமா?”

“ஆத்தங்கரை ஊரு. கெடைக்கும்.”

“கோயிலு?”

“இருக்கு.”

“அப்ப கையெழுத்து போடாதீங்க” என்றாள். புடைத்த அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு, “எங்கப்பாவுக்கு மட்டும் நீங்களே சொல்லுங்க” என்றாள்.

ஆகவே எழுத்தர் மைப்பெட்டியை நகர்த்திய அந்தக் காலையில் நான் தனியாக மறுக்கவில்லை. அவர் கடைசியில் பேனாவை எடுத்து, ‘ஒப்பமிட மறுத்தார்’ என்று தாளின் ஓரத்தில் எழுதினார். பிறகு மைப்பெட்டியை மூடிவிட்டு, “என் தம்பியும் மில்லுலதான் முசே” என்றார்.

நீதிபதி கேட்ட கேள்வி

வழக்கு நீதிபதியிடம் போயிற்று. என் ஒப்பம் இல்லாவிட்டாலும் போலீஸ் அறிக்கையில் அந்த வரி நுழைந்திருந்தது. கூடத்தின் பின் வரிசைகளில் அருளாந்துவும் மில் ஆட்களும். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார்கள்.

சூசையை முதலில் விசாரித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

“எல்லாரும் எறங்குவாங்கய்யா. இவரும் தெனம் எறங்குவாரு. அன்னிக்கும் எறங்குவாருன்னு நெனச்சிட்டேன்” என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். “அந்த நாளுக்கு முன் இந்தக் காருக்கு நீர் இறங்கியதுண்டா?”

“உண்டு.”

“எப்போதாவதா?”

“நான்கு வருடமாக. வேலைநாள் தோறும்.”

பின் வரிசையில் ஒரு முனகல் கேட்டது. அருளாந்துவாக இருக்க வேண்டும். ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான்.

“அப்படியானால் வழக்கம் இருந்திருக்கிறது.”

“இருந்தது. விதி இல்லை.”

“கார் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தபோது பிரேக் பிடிக்க உமக்கு நேரம் இருந்ததா?”

“இருந்தது.”

“பிடித்தீரா?”

“இல்லை.”

“ஏன்?”

“அதற்கு முன் மூன்று நாள் பிடித்துப் பார்த்தேன். அவர் விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். பிறகு டயர் கோட்டின் கணக்கைக் கேட்டார். மேரி வாசலில் இருந்த படத்தை வரவழைத்துப் பார்த்தார். அதை வரைந்தது யார் என்று கேட்டார்; சொன்னேன். சிறிது நேரம் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

தீர்ப்பு இது. வலப்பக்கம் வந்த வண்டிக்கு வழிவிடாதது டிரைவரின் குற்றம். தடுக்க நேரம் இருந்தும் பிரேக் பிடிக்காதது என் குற்றம். ஆகவே தோளுக்கு ஈடு கேட்க எனக்கு உரிமை இல்லை. மரியாதை மனிதர்களுக்குச் செய்வது. அதை மோட்டாருக்குச் செய்யாததைத் தவறு என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொள்ள முடியாது. பதினோராவது வரியின் மேல் அவரே கோடு போட்டார். அந்தக் கோடு காகிதத்தில் உரசும் ஓசை முன் வரிசை வரை கேட்டது.

என்னைப் பற்றிச் சொன்ன பகுதியும் சரியான தீர்ப்புதான். நான் மேல்முறையீடு செய்யவில்லை.

வெளியே சூசை என்னிடம் வந்தார். “இனிமே எப்படி முசே ஓட்டறது? கை தானா ஹாரனுக்கும் காலு ஆக்சிலேட்டருக்கும் போவுதே.”

“சந்தி வந்தா வலப்பக்கம் பாருங்க. வண்டி வந்தா நில்லுங்க. வரலன்னா போங்க. எங்களுக்கும் அதேதான்.”

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஏனாமுக்குப் போனேன். இரண்டு வருடம் அங்கே இருந்தேன். லூர்து கேட்டபடி மீன் கிடைத்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தீர்ப்பு வந்த அதே நாள் மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதே சந்தியில்

மாலைச் சங்கு ஊதிய நேரம் நான் புல்வார் சந்தியில் நின்றிருந்தேன். கையைக் கட்டியிருந்ததால் சைக்கிள் இல்லை. நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மில் விட்டுக் கிழக்கிலிருந்து கூட்டம் வந்தது. ஐம்பது அறுபது சைக்கிள்கள், சாலையின் முழு அகலத்துக்கும். முன்னால் அருளாந்து. பகலெல்லாம் கோர்ட்டில் இருந்துவிட்டு, வழக்கு முடிந்ததை மில் வாசலில் எல்லாருக்கும் சொல்லவே போயிருக்கிறான்.

“மாமா கேச ஜெயிச்சிட்டாரு. இனிமே எவனுக்கும் எறங்க வேணாம்” என்று கத்திக்கொண்டே வந்தான். பின்னால் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

வடக்கே திரும்பிப் பார்த்தேன். புல்வாரில் பச்சைக் கார் வந்துகொண்டிருந்தது. அன்று மாலை நகரசபைக் கூட்டம்.

காலையில் சாரத்திலிருந்து வரும்போது அந்தக் கார் எங்களுக்கு இடப்பக்கம். மாலையில் நாங்கள் திரும்பிப் போகிறோம். அதே கார் இப்போது வலப்பக்கம்.

நான் சாலை நடுவே போய் நின்றேன்.

“அருளாந்து, நில்லு.”

“இன்னா மாமா?”

“வலப்பக்கம் வண்டி வருது. நிறுத்து.”

அவன் காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின் பிரேக் இல்லாத சைக்கிள்; இரண்டு காலையும் தரையில் தேய்த்து, என் வேட்டி நுனிக்கு அரைச் சாண் தள்ளி நிறுத்தினான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

“அவன் காருக்கா நிக்கச் சொல்றீங்க? தோள ஒடச்சானே, அவன் காருக்கா?”

“அவன் காருக்கு இல்ல. வலப்பக்கத்துக்கு.”

“இவ்ளோ பெரிய கேசு நடத்துனது இதுக்கா மாமா?”

“இதுக்குந்தான்.”

“முசே, சாத்துக்குடி வாங்கிட்டீங்களா?” என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். “மோட்டாருக்குக் கொட புடிக்கிறாருடா” என்றது இன்னொரு குரல். எனக்கு முகம் சுட்டது. ஆனால் நகரவில்லை. அருளாந்துவின் ஹேண்டில்பாரை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

இதற்குள் காரும் நின்றுவிட்டது. கோர்ட்டில் கேட்ட தீர்ப்பு சூசையின் காலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சைக்கிள்களைக் கண்டதும் சந்திக்கு வெளியே அழகாக நிறுத்திவிட்டார். அவர் கையை வெளியே நீட்டி எங்களைப் போகச் சொன்னார். நான் தலையை அசைத்து அவரைப் போகச் சொன்னேன். அவர் மறுபடி எங்களைப் போகச் சொன்னார்.

“பாருங்க மாமா, அவனே போவச் சொல்றான்” என்றான் அருளாந்து.

“அவரு தப்பா சொல்றாரு. சூசை, உங்க முறைதான். வாங்க.”

சூசை மெதுவாக, மிக மெதுவாக, மாட்டு வண்டி வேகத்தில் சந்தியைக் கடந்தார். ஹாரன் அடிக்கவில்லை. பின் இருக்கையில் வேங்கடபதி இருந்தார். அறுபது சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. ஊர் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்திருப்பார். என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி, வணக்கத்தை ஏற்றுக்கொள்பவர்போல் அசைத்தார்.

நான் வணங்கவில்லை. திரும்பிச் சைக்கிள்களைப் பார்த்தேன். அறுபது பேரில் ஒருவர்கூட இறங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றி நின்றார்கள்.

கார் கடந்ததும் வலப்பக்கம் ஒரு தரம் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தேன்.

“இப்ப போடா” என்றேன்.